அலை சிறியதாக இருந்தும் மோரிப் பக்கத்துக் கரை ஏன் கரைகிறது?

மலேசியாவின் சிலாங்கூரில், மோரிப் கடற்கரைக்கு அருகிலுள்ள பந்திங் வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்து, இப்போது புவியியல் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். பெரிய அலைகள் பாறையை இடித்துக் கரையை அரிக்கின்றன என்று பாடநூல் சொல்கிறது; நம் பக்கத்துக் கடலில் முழங்கால் உயர அலையைக்கூட அரிதாகத்தான் பார்க்கிறோம்; அப்படியிருக்கத் தோட்டத்தைக் கடலிலிருந்து காக்கும் மண்ணணையான பண்டுக்கு வெளியே இருந்த பாக்காவ் என்ற அலையாத்தி மரக் காடு எப்படி அழிந்தது என்பது முதற்கேள்வி. இது இயற்கையா, மனிதர் செய்ததா என்பது இரண்டாவது. கருங்கல் சுவர் ஒன்றைக் கட்டிவிட்டால் எல்லாம் நின்றுவிடாதா என்பது மூன்றாவது. தோட்டங்களில் வாய்க்கால், மதகு, பண்டு வேலைகளைப் பல ஆண்டுகள் கவனித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமான விடை. நம் கரை பாறைக் கரையும் அன்று, மணற்கரையும் அன்று. அது சேற்றுக் கரை. சேற்றுக் கரை நிற்பதும் கரைவதும் அலையின் உயரத்தை மட்டும் பொறுத்ததன்று. கடல் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் எவ்வளவு, எடுத்துச் செல்லும் வண்டல் எவ்வளவு என்ற வரவுசெலவுக் கணக்கைப் பொறுத்தது. செலவு வரவைவிடச் சிறிதளவு கூடினாலும் போதும், ஆண்டுக்கணக்கில் கரை பின்வாங்கும். அதற்குப் பேரலை தேவையில்லை.

பாடநூல் சொல்வது தவறன்று. அது வேறொரு கரையைப் பற்றிச் சொல்கிறது. அலை என்பது காற்று கடல்நீருக்குக் கொடுத்த ஆற்றல். காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி அது கடந்துவரும் நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் சேர்ந்து அலையின் அளவைத் தீர்மானிக்கின்றன. தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலுள்ள கிளந்தானும் திரங்கானுவும் தென்சீனக் கடலை நேருக்கு நேர் பார்த்து நிற்பதால், நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று அங்கே பெரிய அலைகளை எழுப்புகிறது. மலாக்கா நீரிணையோ குறுகியது. மேற்கே சுமத்ரா ஒரு மதில்போல் நின்று இந்தியப் பெருங்கடலின் அலைகளைத் தடுத்துவிடுகிறது. ஆகவே சாதாரண நாள்களில் இங்கே அலை ஒரு மீட்டரை எட்டுவதில்லை. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், இரண்டு மீட்டர் அலை ஒரு மீட்டர் அலையைப் போல நான்கு மடங்கு வலுவுடையது. கிழக்குக் கரைக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரியது.

பாறைக் கரையில் அந்த ஆற்றல் வேலை செய்யும் வழிகளைத் தேர்வுக்கு நீங்கள் எப்படியும் படித்திருப்பீர்கள். அலை மோதும்போது பாறைப் பிளவுகளுக்குள் காற்று அழுத்தப்பட்டு விரிசல் பெரிதாகிறது. அலையில் உருளும் கல்லும் மணலும் பாறையைத் தேய்க்கின்றன. அந்தக் கற்கள் ஒன்றோடொன்று உரசித் தாமும் சிறுக்கின்றன. சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் நீர் அதைக் கரைக்கவும் செய்கிறது. லங்காவியின் சுண்ணாம்புக் குன்றுகளில் கடல்மட்டத்தை ஒட்டி உள்வாங்கிய பள்ளங்களைப் படகிலிருந்தே பார்க்கலாம். போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவான், சரவாக்கின் பாக்கோ ஆகிய முனைகளில், அலைகள் ஆழங்குறைந்த நீரில் வளைந்து வந்து துருத்திய நிலத்தையே குறிவைத்துத் தாக்குவதைக் காணலாம். முனையில் ஆற்றல் குவிகிறது, அடுத்துள்ள குடாவில் சிதறுகிறது, அதனால் குடாவில் மணல் படிகிறது. பந்திங் பிள்ளைகளுக்கு இவற்றில் ஒன்றுகூட அன்றாடம் காணும் காட்சி அன்று. ஆங்கில நாட்டுச் செங்குத்துக் கரைகளின் படங்களை மட்டும் பார்த்துவிட்டு மோரிப்பில் போய் நின்றால் குழப்பம் வரத்தான் செய்யும்.

நம் கரையைப் புரிந்துகொள்ள அது எப்படித் தோன்றியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஏறத்தாழ ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீபகற்பத்தைச் சுற்றிக் கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. இன்று செம்பனை நிற்கும் சமவெளியின் பெரும்பகுதி அன்று ஆழமற்ற கடல். கருங்கல் குன்றான புக்கிட் ஜுக்ரா அன்று கடலுக்கு நடுவே ஒரு தீவு. செபராங் பிறையில் குவார் கெப்பா என்ற இடத்தில், கடற்சிப்பி தின்று வாழ்ந்த பழங்கால மக்கள் விட்டுச் சென்ற ஓட்டுக் குவியல்கள் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கின்றன. பிறகு கடல்மட்டம் மெல்லத் தாழ்ந்தது. லங்காட், கிள்ளான், சிலாங்கூர் ஆறுகள் மலைப்பகுதியிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து கொட்டின. கரை மேற்கு நோக்கி நகர்ந்தது. தோட்டத்தில் புது வாய்க்கால் வெட்டும்போது ஓர் ஆள் ஆழத்துக்குள்ளேயே நீலங்கலந்த சாம்பல் நிறக் களியும், அதில் பதிந்த சிப்பி ஓடுகளும் வெளிப்படுவதை உங்கள் அப்பா பார்த்திருப்பார். அது கடலடிக் களி. நாம் குடியிருக்கும் நிலமே கடல் கொடுத்த நிலம்தான். கொடுத்த அதே செயல்முறைகள்தாம் இன்று சில இடங்களில் எடுக்கவும் செய்கின்றன.

ஆற்றுநீரில் மிதந்துவரும் களித்துகள் மிக மிக நுண்மையானது. நன்னீரில் துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அவை எளிதில் அடியில் தங்குவதில்லை. உப்புநீரைச் சந்தித்ததும் அந்தத் தள்ளுதல் குறைந்து, துகள்கள் ஒட்டிக்கொண்டு திரள்களாகின்றன; திரள் கனமானதால் அடங்கும். எப்போது அடங்கும்? நீரோட்டம் நிற்கும் சிறு இடைவெளியில், அதாவது கடல்நீர் உயரும் ஏற்றம் முடிந்து, அது இறங்கும் வற்றம் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களில். கிள்ளான் துறைமுகப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ நான்கு மீட்டர் வேறுபாடு உண்டு. கிழக்குக் கரையில் இது ஏறத்தாழ பாதிதான். நாளுக்கு இருமுறை இவ்வளவு நீர் ஏறி இறங்கும்போது, சரிவே இல்லாதது போன்ற இந்தக் கரையில் கடல் வெகுதூரம் பின்வாங்கிப் பரந்த சேற்றுவெளியைத் திறந்து காட்டுகிறது. கடலின் நிறம் பழுப்பாக இருக்கிறதென்று மோரிப்புக்கு வரும் கோலாலம்பூர்க்காரர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. அந்தப் பழுப்பு அழுக்கன்று, கரைக்கு வரவேண்டிய வரவு.

இந்தச் சேறு எவ்வளவு மென்மையானது என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உள்ளது. 1945 செப்டம்பர் 9-ஆம் நாள், ஜப்பான் சரணடைந்த பிறகு, ஏற்கெனவே வகுத்திருந்த திட்டத்தின்படி பிரிட்டிஷ், இந்தியப் படைகள் மோரிப் கரையில் இறங்கின. மேலே தெரிந்த மெல்லிய மணற்படிவைப் பார்த்துக் கரை உறுதியானது என்று கணித்திருந்தார்கள். அடியில் இருந்ததோ களி. இறங்கிய வண்டிகள் பல புதைந்து நின்றுவிட்டன. எதிர்த்துச் சுட ஆளிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போர் வரலாறு எழுதியோர் வியந்திருக்கிறார்கள்.

அந்த மென்மையே கரையின் காப்பு என்பதுதான் பலருக்கும் புரியாத செய்தி. நீரின் ஆழம் அலைநீளத்தில் பாதியைவிடக் குறையும்போது அலை தரையை உணரத் தொடங்குகிறது. தரை பாறையாக இருந்தால் அலை உயர்ந்து உடைகிறது. தரை குழைந்த சேறாக இருந்தால் அலையோடு சேறும் அசைந்து, அந்த அசைவிலேயே ஆற்றல் தீர்ந்துபோகிறது. அகன்று மேடாகக் கிடக்கும் சேற்றுவெளியைக் கடந்துவரும் அலை கரைக்கு வரும்போது ஏறக்குறைய ஓய்ந்துவிடும். வளரும் சேற்றுவெளி பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் சற்றே மேடாக, குவிந்து தெரியும். அரிபடும் சேற்றுவெளி கரையை ஒட்டி உள்வாங்கிக் குழிந்து தெரியும். குழிந்துவிட்டால் நீர் ஆழமாகிறது. ஆழமானால் முன்பு ஓய்ந்துவிட்ட அலை இப்போது ஓயாமல் உள்ளே வருகிறது. அது மேலும் குழிக்கிறது. ஒருமுறை சமநிலை தவறினால் அரிப்பு தன்னைத் தானே வளர்த்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

சேற்றுவெளிக்கு அடுத்தது அலையாத்திக் காடு. கடல்முகத்தில் முதலில் குடியேறுவது அப்பி-அப்பி மரம். சேற்றுக்குள்ளிருந்து விரல்விரலாக மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்கள் அதன் அடையாளம். உள்ளே, சற்று மேடான இடத்தில், வளைந்த தாங்குவேர்களுடன் பாக்காவ் நிற்கும். வேர்களும் தண்டுகளும் நீரின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன, மட்டுப்பட்ட நீர் வண்டலை அங்கேயே இறக்கிவிடுகிறது, தரை உயர்கிறது, கடல்முகத்தில் புதுக் கன்றுகள் முளைக்கின்றன. காடு கரையை உருவாக்குகிறது என்று சிலர் சொல்வதை நான் முழுமையாக ஏற்பதில்லை. வண்டல் வரவு இருக்கும்வரைதான் காடு அதைப் பிடித்துவைக்க முடியும். வரவு நின்றுபோன இடத்தில் எவ்வளவு அடர்ந்த காடும் மெல்லப் பின்வாங்கும். காடு இருந்தால் அந்தப் பின்வாங்கல் தாமதமாகும், அவ்வளவே. பேராக்கின் மாத்தாங் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கரிக்கும் கழிக்கும் மரம் வெட்டி, மீண்டும் வளர விடும் முறையில் பராமரிக்கப்படுகிறது. அதையும் எண்ணிப் பார்த்தால், மரம் வெட்டியதுதான் அரிப்புக்கு ஒரே காரணம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட முடியாது.

அரிப்பு நடக்கும் இடத்தை அருகிலிருந்து பாருங்கள். காட்டின் கடல் விளிம்பில் முழங்கால் அளவு உயரத்தில், சில இடங்களில் இடுப்பளவுக்கு, களி ஒரு படியாக வெட்டுண்டு நிற்கும். மேற்பகுதி வேர்ப்பின்னலால் கட்டுண்டிருப்பதால் உடனே விழாது. அதன் அடியில் வேரில்லாத மென்களியை ஒவ்வோர் ஏற்றத்தின்போதும் சிற்றலைகள் நக்கி எடுத்துவிடும். உள்ளே குடைவு விழுந்து, ஒருநாள் மேற்பகுதி தன் கனம் தாங்காமல் பாளமாக முறிந்து விழும். அந்தப் பாளத்தின் மேல் நின்ற மரமும் வேர் கடலைப் பார்க்கச் சாயும். விழுந்த களிப்பாளம் அடுத்தடுத்த ஏற்றங்களில் கரைந்து குழம்பாகிப் போய்விடும். ஒரு பேரலையில் உடையும் பாறை அன்று இது. ஒரு சாண் அலைகள் நாள்தோறும் இருவேளை செய்யும் வேலை.

இதில் நேரமும் மட்டமும் முக்கியம். ஏப்ரல் முதல் நவம்பர் வரையான காலத்தில், விடியலுக்கு முன் சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று பெருங்காற்றும் மழையும் வரும். சுமத்ராக் காற்று என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அது வற்றத்தின்போது வந்தால் அலைகள் தொலைவிலேயே சேற்றுவெளியில் அடங்கிவிடும். அதுவே ஆண்டின் பெரிய ஓதங்கள், அதாவது மிக உயர்ந்த ஏற்றங்கள், வரும் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில், உச்ச ஏற்றத்தோடு சேர்ந்து வந்துவிட்டால், நீர் ஏற்கெனவே காட்டைத் தாண்டி பண்டின் தோள்வரை நிற்கும். அதன்மேல் அரை மீட்டர் அலை எழுந்தாலும் அது நேராகப் பண்டையே தாக்கும். பண்டு பெரும்பாலும் உச்ச ஏற்றத்தை ஒட்டியே உடைவதற்கும், மற்ற நாள்களில் அதே காற்று ஒன்றும் செய்யாமல் போவதற்கும் காரணம் இதுவே. அலையின் வலுவைவிட அலை எந்த மட்டத்தில் நின்று மோதுகிறது என்பதே நம் கரையில் கணக்கு.

இனி இரண்டாவது கேள்வி. பண்டு கட்டியதே பிரச்சினையின் ஒரு பகுதி என்று சொன்னால் தோட்டத்து மக்களுக்குச் சற்று வருத்தமாக இருக்கும், ஏனெனில் அந்தப் பண்டு இல்லாமல் தோட்டமே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரித் தீவு முதலிய இடங்களில் அலையாத்திக் காட்டை வெட்டி, களியையே தோண்டி மண்ணணை எழுப்பி, வற்றத்தின்போது மட்டும் திறக்கும் மதகுகளை வைத்து உப்புநீரை வெளியே நிறுத்தினார்கள். மதகின் கதவு வெளிப்பக்கம் தொங்கும். உள்ளே நீர் உயர்ந்திருந்தால் தானே திறந்து வடியவிடும், வெளியே கடல் ஏறினால் அதன் அழுத்தத்திலேயே மூடிக்கொள்ளும். மிக எளிய, மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் விளைவுகள் மெல்ல வந்தவை. முன்பு ஏற்றநீர் காட்டுக்குள் பரவி வண்டலை இறக்கிவிட்டுத் திரும்பும். பண்டு வந்தபின் உள்ளே அந்த வரவு நின்றது. வடிகட்டிய களி நீரிழந்து சுருங்கியது. மட்கு நிலமாக இருந்த இடங்களில் மேல்மண் காற்றுப்பட்டு மக்கி இன்னும் கூடுதலாகத் தாழ்ந்தது. ஆகவே இன்று பல இடங்களில் பண்டுக்கு உட்பட்ட நிலம் உச்ச ஏற்ற மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. சில வாய்க்கால்களில் துருநிறத்தில் நீர் ஓடுவதும் இதோடு தொடர்புடையதே. கடற்களியில் உள்ள கந்தக இரும்புக் கனிமம் காற்றுப்பட்டதும் அமிலமாகவும் துருவாகவும் மாறுகிறது.

வெளிப்பக்கத்திலும் ஒரு விளைவு உண்டு. இயற்கையில் கரை பின்வாங்கும்போது அலையாத்திக் காடும் கூடவே உள்நிலம் நோக்கி நகரும். முன்னால் மரம் விழும்போது பின்னால் மேட்டில் கன்று முளைக்கும். பண்டு அந்தப் பின்வழியை அடைத்துவிட்டது. முன்னே கடல், பின்னே அணை. இடையில் நெருக்குண்ட காடு ஆண்டுதோறும் ஒடுங்கி ஒரு வரிசை மரமாகி, கடைசியில் அதுவும் இல்லாமல் போகிறது. காடு போனபின் பண்டே கடல்முகமாகிறது. அதன் சரிவில் மோதித் திரும்பும் அலை அடிவாரத்தைத் தோண்டுகிறது. போதாக்குறைக்குச் சேற்றில் ஆழமாக வளை தோண்டி, வாயிலில் புற்றுபோல் மண்மேடு எழுப்பும் சேற்று இறாலும், நண்டுகளும் பண்டையே துளைக்கின்றன. ஏற்றத்தின்போது உள்பக்கம் கசிவு தெரிந்தால் காவலர்கள் முதலில் தேடுவது அந்த வளைகளைத்தான்.

அதற்காக அரிப்பு முழுவதும் மனிதர் செய்த வினை என்று முடிவு கட்டவும் கூடாது. ஆற்றின் முகத்துவாரம் இடம்மாறினால் வண்டல் சேரும் இடமும் மாறும். ஒரே கரையில், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஓரிடம் அரிபடும்போது மற்றோரிடம் வளர்வதுண்டு. ஓரிடமே சில பத்தாண்டுகள் வளர்ந்து, பிறகு சில பத்தாண்டுகள் தேய்வதும் உண்டு. இந்த இயற்கை ஏற்ற இறக்கத்தின் மேல்தான் நம் செயல்கள் சுமத்தப்படுகின்றன. மேல்நிலத்தில் அணை கட்டினால் வண்டல் அங்கேயே தங்குகிறது. ஆற்றில் மணல் அள்ளினால் கரைக்கு வரவேண்டியது கட்டடத்துக்குப் போகிறது. கப்பல் வழிக்காகக் கடலடியை ஆழப்படுத்தினால் அந்தப் பள்ளம் வண்டலை விழுங்குகிறது. 1980களின் நடுவில் அரசு மேற்கொண்ட தேசியக் கடற்கரை அரிப்பு ஆய்வு, நாட்டின் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் கரையில் 29 விழுக்காடு அரிப்புக்குள்ளாகியிருப்பதாகக் கண்டது. ஏறத்தாழ 71 விழுக்காட்டுக் கரை அந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

மணற்கரையில் கதை வேறு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலை சாய்வாக வந்து ஏறி, நேராகக் கீழிறங்குவதால் மணல் கரையோரமாகவே ஒரு திசையில் நடந்துகொண்டிருக்கும். அதன் குறுக்கே எதையாவது நீட்டினால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். திரங்கானுவில் 2000களின் இறுதியில் விமான ஓடுபாதை கடலுக்குள் நீட்டப்பட்டபின் அதன் வடக்கே தோக் ஜெம்பால் பகுதிக் கரை வேகமாக அரிபட்டதும் அதே விதிப்படிதான். மணலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பருவக்காற்று எடுத்துச் சென்று கரைக்கு அருகே கடலடியில் திட்டாகப் போட்டுவைத்த மணலில் பெரும்பகுதியை, அமைதியான மாதங்களின் நீண்ட மென்னலைகள் திரும்பக் கொண்டுவரும். களிக்கு அந்தக் குணம் இல்லை. இறுகிய கடற்களி ஒருமுறை கலங்கிவிட்டால் நுண்துகளாகி ஓதநீரோட்டத்தில் வெகுதூரம் போய்விடும். அது மீண்டும் படிந்து இறுக நெடுங்காலம் வேண்டும்.

கடல்மட்ட உயர்வையும் சொல்ல வேண்டும். உலகளவில் அது அண்மைப் பத்தாண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் வரை. கேட்கச் சிறிதாகத் தெரியும். வண்டல் வரவு நன்றாக உள்ள சேற்றுவெளி அந்த உயர்வுக்கு ஈடாகத் தானும் உயர்ந்துகொள்ளும் வலிமை உடையது. வரவு குறைந்த இடத்திலும், நிலம் தாழ்ந்துகொண்டிருக்கும் பண்டின் உட்பக்கத்திலும்தான் அது வினையாகிறது. ஏனெனில் அங்கே கடல் ஏறுவதும் நிலம் இறங்குவதும் ஒன்றாகக் கூடுகின்றன.

இப்போது சுவர். கருங்கல் அடுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பண்டுக்குப் பின்னால் வீடுகளும் பள்ளியும் கோயிலும் இருந்தால் அது தேவைப்படலாம். நம் நாட்டில் நீர்ப்பாசன வடிகால் துறை பல இடங்களில் அதைச் செய்தும் இருக்கிறது. ஆனால் செங்குத்துச் சிமெண்டுச் சுவர் வேறு, சரிவாக அடுக்கிய கல் வேறு. செங்குத்துச் சுவர் அலையின் ஆற்றலைத் திருப்பி அனுப்பித் தன் அடிவாரத்தையே தோண்ட வைக்கும். சரிவான கல்லடுக்கில் அலை இடுக்குகளுக்குள் புகுந்து ஓரளவு ஓய்கிறது. மென்களியின் மேல் கல்லை நேரடியாகக் கொட்டினால் அது மெல்லப் புதையும்; நீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் வடிதுணியை அடியில் விரித்து, அடிவாரத்தைச் சேற்றுக்குள் ஆழமாக இறக்கியே அடுக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் கல்லடுக்கு பின்னால் உள்ள நிலத்தைக் காக்குமே தவிர, முன்னால் உள்ள சேற்றுவெளியைக் காக்காது. அடுக்கு முடியும் இடத்தில், அடுத்த தோட்டத்தின் கரையில், அரிப்பு கூடுவதும் வழக்கம். அண்டை வீட்டாரின் கரையையும் சேர்த்துத் திட்டமிடாத சுவர் பாதி வேலைதான்.

இன்னொரு வழி, கரையிலிருந்து சற்றுத் தள்ளிச் சேற்றுவெளியிலேயே தாழ்வான அலைத்தடுப்பு ஒன்றை அமைப்பது. கல்லாலோ, மணல் நிரப்பிய பெருந்துணிக் குழாய்களாலோ அதை அமைக்கலாம். அதன் பின்னால் நீர் அமைதியாகி வண்டல் படிந்து, தரை தக்க உயரத்துக்கு வந்தபின் அலையாத்திக் கன்றுகளை நட வேண்டும். சிலாங்கூரின் வடக்கே சுங்கை ஹாஜி டோரானியில் இப்படி அலைத்தடுப்பையும் நடவையும் இணைத்துச் செய்திருக்கிறார்கள். வரிசை முறைதான் இங்கே உயிர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாடெங்கும் அலையாத்தி நடும் ஆர்வம் பெருகியது, அது நல்லதே. ஆனால் தரை மிகத் தாழ்ந்து, நாளின் பெரும்பகுதி நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் இடத்தில், அலைக்கு நேரே நட்ட கன்று பிழைக்காது. பாக்காவின் நீண்ட முளைக்குச்சியைச் சேற்றில் குத்திவிடுவது எளிது என்பதால் பலரும் அதையே நடுகிறார்கள். கடல்முகத்தில் இயல்பாக முதலில் வருவது அப்பி-அப்பி. தரை உயரமும் நீரின் அமைதியும் சரியாக அமைந்துவிட்டால், அருகில் தாய்மரங்கள் இருக்கும்வரை, விதை தானாகவே மிதந்துவந்து முளைத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் நடவு விழாவைவிட அந்த உயரத்தை அளக்கும் வேலைக்கே பணத்தை முதலில் ஒதுக்குவேன்.

மூன்றாவது வழியைத் தோட்ட நிர்வாகங்கள் விரும்புவதில்லை, ஆனால் நெடுங்காலமாக நடைமுறையில் இருப்பது: பழைய பண்டைக் காப்பாற்றப் போராடாமல், சற்று உள்ளே புதுப் பண்டு கட்டிக்கொண்டு, இடைப்பட்ட செம்பனை வரிசைகளைக் கடலுக்கு விட்டுவிடுவது. விட்ட நிலத்தில் ஏற்றநீர் மீண்டும் பரவி, வண்டல் படிந்து, காட்டுக்கு இடம் கிடைக்கிறது. சில வரிசை மரங்களின் விலையையும், ஆண்டுதோறும் கல் கொட்டும் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தால், குடியிருப்பு இல்லாத இடங்களில் இதுவே மலிவானது என்பது என் கருத்து. தொழிலாளர் குடியிருப்பான லயம் வீடுகள் பண்டை ஒட்டி இருக்கும் தோட்டங்களில் இதை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அங்கே முதலில் மக்கள் எங்கே போவார்கள் என்பதற்கு விடை வேண்டும்.

இவற்றில் உங்கள் தோட்டத்துக்கு எது பொருந்தும் என்பதை நான் பந்திங்கில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. அதற்கு அளவுகள் வேண்டும், அந்த அளவுகளில் சிலவற்றைப் பள்ளி ஆய்வாகவே நீங்கள் எடுக்கலாம். காட்டு விளிம்பிலிருந்து உள்நோக்கி, பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில், பி.வி.சி. குழாய்களை ஆழமாக ஊன்றி ஒவ்வொன்றிலும் தரைமட்டத்தைக் கீறிக் குறித்துவையுங்கள். மாதம் ஒருமுறை, ஓத அட்டவணையைப் பார்த்து, ஒரே அளவு வற்றத்தில் போய், கீறலுக்கும் சேற்றுக்கும் உள்ள தூரத்தையும், வெட்டுண்ட களிப்படி எந்தக் குழாய்வரை வந்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சுமத்ராக் காற்று வீசிய நாள்களையும் உச்ச ஏற்ற நாள்களையும் அதே ஏட்டில் பக்கத்தில் குறித்தால், எது எப்போது வேலை செய்கிறது என்பது ஓராண்டுக்குள் ஓரளவு தெரியவரும். பழைய செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் பார்த்துக் காட்டின் விளிம்பை ஒப்பிட்டால் நீண்டகாலப் போக்கும் கிடைக்கும். தனியாகப் போகாதீர்கள், சேற்றுவெளியில் இடுப்புவரை புதையும் இடங்கள் உண்டு, ஏற்றம் திரும்பும்போது ஓடைகள் முதலில் நிரம்பி, நீங்கள் திரும்பிவரும் வழியை மறித்துவிடும். வற்றம் முடிவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே அளந்து முடித்துவிட்டுப் பண்டுக்குத் திரும்பிவிடுங்கள்.